முற்றமும் பந்தியும்

பேதுரு அப்போஸ்தலர் இரண்டு முறை விழுந்தார். அவற்றுள் முதலாவதை அறியாத கிறிஸ்தவக் குழந்தை நம் நாட்டில் இராது. பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில், குளிர் காய மூட்டியிருந்த கரிநெருப்பின் அருகே, வேலைக்காரப் பெண் ஒருத்தியின் கேள்விக்கு அஞ்சித் தம் குருவைத் தெரியவே தெரியாது என்று சாதித்தவர், சேவல் கூவக் கேட்டதும் வெளியே போய் அழுதாரே, அந்த இராத்திரியை ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் பிரசங்க பீடங்கள் நமக்கு நினைப்பூட்டுகின்றன. இரண்டாவது வீழ்ச்சியோ கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சில வசனங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதைப் பொருளாகக் கொண்ட பிரசங்கத்தை என் ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் நான் கேட்டதில்லை.

அந்தியோகியா பட்டணத்தில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்து சேர்ந்தவுடன், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று கூசி, மெல்லப் பின்வாங்கிக் கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் எழுந்தார்கள். பர்னபாவும் அந்த இழுப்பில் அகப்பட்டார். அங்கே வாள் இல்லை, விலங்கு இல்லை, விசாரணை மண்டபம் இல்லை. ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று அஞ்சாமல் பேசியவரும், சிறையையும் அடியையும் அதற்குள்ளாகவே அனுபவித்து முடித்தவருமான ஒரு மனிதர், தம் இனத்தார் நாலு பேருடைய முகக் குறிப்புக்கு முன்னே நிலைகுலைந்தார் என்பதே அச்சம்பவத்தின் கனம். முற்றத்து அச்சம் உயிரைப் பற்றியது. பந்தியின் அச்சமோ மனிதர் முகத்தைப் பற்றியது. முன்னதை வென்றவர் பின்னதிலே தோற்றார்.

அச்சத்துக்கும் சமூக நெருக்குதலுக்கும் நடுவே கிறிஸ்தவ விசுவாசத்தில் நிலைத்திருத்தல் என்னும் பொருளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரத்தசாட்சிகளின் வரலாற்றைச் சொல்லி, அவர்களைப் போல் நாமும் இருப்போமாக என்று முடித்துவிடுகிறார்கள். அவ்வரலாறு பக்திக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆயினும் இருபது நூற்றாண்டுச் சபைச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டுகிறவனுக்கு இரண்டு காரியங்கள் தெளிவாகும். சிங்கத்துக்கு முன்னே விழுந்தவர்களைக் காட்டிலும் சுற்றத்தாருக்கு முன்னே விழுந்தவர்கள் அதிகம் என்பது ஒன்று. நிலைத்திருத்தல் தனி ஒருவனின் நெஞ்சுரத்தை மாத்திரம் பொறுத்ததன்று, நின்றால் உடன் நிற்கவும் விழுந்தால் கை கொடுக்கவும் ஒரு சபை அவனுக்கு இருந்ததா என்பதையும் பொறுத்தது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சுவிசேஷங்கள் இவ்விஷயத்தில் நம்மை விட இரக்கமுள்ளவை. பார்வை பெற்ற பிறவிக்குருடனின் பெற்றோர், ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்று அஞ்சி, மகன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று நழுவிக்கொண்டதை யோவான் மறைக்கவில்லை. சபித்துத் தள்ளவும் இல்லை. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பயத்தினால் அந்தரங்கச் சீஷனாக இருந்தான் என்று எழுதிய அதே பேனா, சீஷர்கள் எல்லோரும் சிதறிப்போன நாளில் சரீரத்தைக் கேட்டு வாங்கத் துணிந்தவன் அவனே என்றும் எழுதுகிறது. இராத்திரியில் வந்த நிக்கொதேமு வெள்ளைப்போளத்தைச் சுமந்துகொண்டு வந்ததும் அன்றைக்குத்தான்.

ரோம ராச்சியத்தின் காலத்துக்கு வருவோம். ஏறக்குறைய 112ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டின் ஆளுநராக இருந்த பிளினி, சக்கரவர்த்தி திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் நம் கையில் இருக்கிறது. கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சக்கரவர்த்தியின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிட்டதாகவும், சிலர் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிலர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அம்மார்க்கத்தை விட்டுவிட்டதாகச் சொன்னதாகவும் அவர் எழுதுகிறார். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, பிடிபட்டவன் மறுத்துவிட்டால் மன்னிக்கலாம் என்று சக்கரவர்த்தி பதில் எழுதினார். ஆக, உபத்திரவத்தின் நோக்கம் பெரும்பாலும் கொல்லுவதன்று; மறுதலிக்கச் செய்வது. வாசல் எப்போதும் திறந்தே இருந்தது என்பதுதான் அந்தச் சோதனையின் கொடுமை.

வீரத்தையே பெரிதாக எண்ணி அந்த வாசலைத் தாண்டிக் குதித்தவர்களும் இருந்தார்கள். சிமிர்னாவின் முதிய அத்தியட்சரான பொலிகார்ப்பின் மரண சாட்சியத்தைச் சொல்லும் பழைய நிருபம், பிரிகியா நாட்டானாகிய குவிந்து என்பவன் தானாகவே முன்வந்து தன்னை ஒப்புக்கொடுத்ததையும், மிருகங்களைக் கண்டவுடன் நடுங்கிப் பலியிட்டுவிட்டதையும் மறைக்காமல் சொல்லி, தாமாகப் போய் நிற்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று கருத்தும் கூறுகிறது. பொலிகார்ப்போ நண்பர்களின் சொல்லைக் கேட்டு ஒரு பண்ணை வீட்டுக்கு ஒதுங்கியிருந்து, பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லி, ஜெபிக்க அவகாசம் கேட்டவர். ஒதுங்குவது கோழைத்தனம் அன்று என்பதைச் சபை அத்தனை தொடக்கத்திலேயே அறிந்திருந்தது.

250ஆம் ஆண்டில் தேசியு சக்கரவர்த்தியின் கட்டளை வந்தபோது நிலைமை வேறாயிற்று. ராச்சியத்திலுள்ள யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, பானபலி வார்த்து, பலிமாம்சத்தைச் சுவைத்து, அதற்கு அத்தாட்சியாக அதிகாரிகளிடம் சீட்டுப் பெற வேண்டும் என்றாயிற்று. அச்சீட்டுகள் எகிப்து தேசத்து மணலுக்குள்ளிருந்து நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் காண்போம். விண்ணப்பித்தவர் தியோகேனஸ் என்னும் கிராமவாசி, வயது 72, அடையாளம், வலப் புருவத்தில் தழும்பு. தாம் என்றென்றும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டுச் சுவைத்ததாகவும், அதைச் சான்றளிக்கும்படி வேண்டுவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே சாட்சிக் கையெழுத்தும் தேதியும். அவர் கிறிஸ்தவரா, அல்லரா என்பது சீட்டிலிருந்து தெரியாது. ஆனால் நம்முடைய தாசில்தார் அலுவலகத்து வராந்தாவில் ஒரு மத்தியானம் காத்திருந்த அனுபவமுள்ள எவனுக்கும் அந்தப் புருவத் தழும்பு நெஞ்சில் தைக்கும். வாள் அரிதாக வருவது. மனுவும் முத்திரையும் எல்லா வீட்டுக்கும் வருகின்றன.

கார்த்தேஜ் நகரத்து அத்தியட்சர் சிப்ரியான் அக்காலத்து அவலத்தைத் தம் நூலில் கண்ணீரோடு விவரிக்கிறார். பிடிபடுமுன்பே மக்கள் பலிபீடத்துக்குத் தாங்களாக ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். பெற்றோர் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பணங்கொடுத்துச் சீட்டை மாத்திரம் வாங்கிக்கொண்டு, பலியிடவில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டவர்களும் உண்டு. போனா என்னும் பெண்மணியைக் கணவனே இழுத்துக்கொண்டு போய், அவள் கைகளைப் பிடித்துத் தூபம் போட வைத்தான். செய்தது நான் அல்ல, நீங்கள்தான் என்று அவள் கூவியதாகவும், அதற்காக நாடு கடத்தப்பட்டதாகவும் சிப்ரியானுக்கு வந்த ஒரு கடிதம் சொல்லுகிறது. அவள் கையைப் பிடித்தது சேவகனுடைய கையன்று, கட்டிய கணவனுடைய கை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சிப்ரியானும் அப்போது தலைமறைவாயிருந்தவரே. அதற்காக அவரைக் குறை கூறினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி, அவர் அமைதியாக வாளுக்குத் தலை கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் அவரை வருத்திய பிரச்சினை, விழுந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்பதே. சிறையிலிருந்த சாட்சிகள் சிலர் தாராளமாகச் சமாதானச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தார்கள். ரோமாபுரியிலோ நொவாத்தியான் என்னும் மூப்பர், விழுந்தவனுக்குச் சபையில் இடமே இல்லை என்று பிரிந்து போனார். சிப்ரியான் இரண்டுக்கும் நடுவே நின்று, ஒவ்வொருவருடைய காரியத்தையும் தனித்தனியே விசாரித்து, மனஸ்தாபத்துக்குக் காலம் குறித்து, இன்னொரு உபத்திரவம் நெருங்குகிறது என்று கண்டபோது மனந்திரும்பிய யாவரையும் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டார். ஆயுதமில்லாமல் எவரையும் போருக்கு அனுப்பலாகாது என்பது அவருடைய வாதம். பெலவீனனுக்குத் திருவிருந்து பரிசன்று, பெலன் என்னும் இக்கருத்தை விடச் சிறந்த தீர்ப்பைப் பிற்காலத்தார் எவரும் சொல்லிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அலெக்சாந்திரியா நகரத்தில் இதே காரியம் ஒரு சிறுவன் கையில் நடந்தேறியது. செராப்பியோன் என்னும் கிழவர், ஆயுள் முழுதும் ஒழுங்காய் வாழ்ந்தவர், தேசியுவின் நாளில் பலியிட்டுவிட்டார். மன்னிப்பைப் பலமுறை கேட்டும் யாரும் செவிசாய்க்கவில்லை. மரணப் படுக்கையில் மூன்று நாள் பேச்சற்றுக் கிடந்தவர் நாலாம் நாள் சற்றுத் தெளிந்து, பேரனை அழைத்து, மூப்பரைக் கூட்டிவா என்றார். அப்போது இராத்திரி. மூப்பரோ வியாதியாய்ப் படுத்திருந்தார், வர இயலவில்லை. அவர் திருவிருந்தின் அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, தண்ணீரில் நனைத்துத் தாத்தாவின் வாயில் விடச் சொன்னார். பையன் வீடு சேருமுன்னே கிழவர் அவன் வருவதை உணர்ந்து, சீக்கிரம் செய்து என்னைப் போகவிடு என்றாராம். பிள்ளை நனைத்து ஊட்டினான், அவர் விழுங்கினார், உயிர் பிரிந்தது. அந்நகரத்து அத்தியட்சர் தியோனீசியு எழுதியதை யூசேபியு தம் சரித்திரத்தில் காத்து வைத்திருக்கிறார். பெரிய சங்கங்கள் கூடி விவாதித்த கேள்விக்கு, இருட்டில் ஓடிய அப்பிள்ளையின் உள்ளங்கையில் பதில் இருந்தது.

303ஆம் ஆண்டில் தியோக்கிலேத்தியான் வேதப் புஸ்தகங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, அவற்றைக் கொடுத்தவர்கள் காட்டிக்கொடுத்தவர்கள் என்று பெயர் பெற்றார்கள். வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா நகரத்தில் அவ்வாண்டு மே மாதம் 19ஆம் தேதி நடந்த சோதனையின் அரசாங்கக் குறிப்பு அப்படியே எஞ்சியிருக்கிறது. பொற்கிண்ணம் 2, வெள்ளிக்கிண்ணம் 6 என்று தொடங்கும் ஜப்திப் பட்டியல், பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, பெண்கள் பாதரட்சை 47 ஜோடி என்று நீளுகிறது. ஏழை விதவைகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த துணிகளாக இருக்க வேண்டும். அத்தியட்சர் பவுல் உட்கார்ந்திருக்க, அவருடைய ஊழியர்களே ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் கல்லெறிய எனக்குக் கை எழவில்லை. ஆனால் கல்லெறிந்தவர்கள் இருந்தார்கள். காட்டிக்கொடுத்தவனுடைய கையால் பெற்ற அபிஷேகம் செல்லாது என்று சொல்லி எழுந்த தொனாத்தியர் கட்சி ஆப்பிரிக்கச் சபையை நூறாண்டுகளுக்கு மேல் இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. அகுஸ்தீனாருடைய உழைப்பில் பெரும்பகுதி அதனோடு போராடுவதிலேயே கழிந்தது. விழுந்தவர்களால் சபைக்கு வந்த சேதத்தை விட, விழாதவர்களின் பெருமையால் வந்த சேதம் அங்கே நீண்ட நாள் நின்றது.

இரத்தசாட்சிகளின் வரலாற்றிலேயே என் மனத்தை அதிகம் கலக்குவது சிங்கமோ வாளோ அன்று; ஒரு தகப்பனார். 203ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி கார்த்தேஜில் மரித்த பெர்பேத்துவாள், இருபத்திரண்டு வயதுள்ள, பால்குடி மறவாத குழந்தையை உடைய, நல்ல குடும்பத்துப் பெண். சிறைக்குள்ளே அவள் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது. அவள் தகப்பனார் மறுபடியும் மறுபடியும் வந்தார். கோபித்தார், பிறகு தம் நரையைக் காட்டினார், அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று கூப்பிடாமல் அம்மணி என்று கூப்பிட்டார், சகோதரரையும் தாயையும் குழந்தையையும் நினைக்கச் சொன்னார், தீர்ப்பு மேடையிலும் குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். ஆளுநன் அவரைக் கோலால் அடிக்கச் செய்தபோது, அந்த அடி தன்மேலே விழுந்தது போல் இருந்தது என்று மகள் எழுதுகிறாள். நெருக்குதல் எப்போதும் பகையின் முகத்தோடு வருவதில்லை. நெஞ்சார நேசிக்கிறவர்களின் கண்ணீராகவும் வருகிறது; அதை எதிர்த்து நிற்பவள் கல்நெஞ்சக்காரி என்று உலகம் சொல்லும். பெர்பேத்துவாளுக்குப் பக்கத்தில் அடிமைப் பெண்ணாகிய பெலிசித்தாளும் மற்றச் சிலரும் ஒரே சிறையில் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. தனியே இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ, யார் சொல்லக்கூடும்?

நம் கடற்கரையில் பரதவர்களுக்குள் ஊழியம் செய்த அதே பிரான்சிஸ்கு சவேரியார் 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி சப்பான் தேசத்துக் ககோஷிமா துறையில் இறங்கினார். அங்கே வேரூன்றிய மார்க்கத்தை 1614இல் தொக்குகாவா அரசு அடியோடு தடை செய்தது. தடையை நடத்திய முறை, இப்பொருளை ஆராய்கிற யாவரும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஐந்து வீடுகளை ஒரு தொகுதியாக்கி, ஒரு வீட்டின் குற்றத்துக்கு ஐந்து வீடும் பொறுப்பு என்றார்கள். ஒவ்வொருவனும் தான் கிறிஸ்தவன் அல்லன் என்பதற்குப் புத்த கோயிலின் சீட்டுப் பெற வேண்டும் என்றார்கள். நாகசாகிப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பதித்த பலகையை மிதித்துக் காட்டச் சொன்னார்கள். அண்டைவீட்டுக்காரனை அச்சத்தின் கருவியாக்குவதே இதன் சூட்சுமம்.

1633ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாகசாகியில் குழிக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களில், யேசு சபையின் மூத்த குருவான கிறிஸ்தோவம் பெரேரா ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் மறுதலித்தார். அவரோடு தொங்கவிடப்பட்ட சப்பானியக் குருவான நகாவுரா யூலியான், சிறுவனாக ரோமாபுரி வரை தூது சென்று திரும்பியவர், நாட்கணக்கில் தாங்கி உயிர் விட்டார். பெரேரா பின்பு சப்பானியப் பெயர் பூண்டு, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரிப்பதற்கும் உதவினார். இருவருடைய கதையும் அடிக்கடி சொல்லப்படுவது. என்னை ஈர்ப்பது அவ்விருவருக்கும் அப்பால் இருந்த பெயர் தெரியாத கிராமத்தாருடைய கதை. அவர்கள் பலகையை மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, முழுமனஸ்தாபத்தைப் பற்றி 1603இல் குருக்கள் எழுதிக் கொடுத்திருந்த சிறு நூலின்படி மனஸ்தாப ஜெபத்தைச் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு ஒருவரும் இல்லாத நாட்டில், ஒவ்வோர் ஆண்டும் விழுந்து, ஒவ்வோர் ஆண்டும் எழுந்து, தகப்பன் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முறையைக் கற்பித்து, ஏழு தலைமுறை கடந்தது.

1865ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி, நாகசாகியின் ஓவுரா மேட்டில் அன்னிய தேசத்தாருக்காகப் புதிதாய்க் கட்டிய கோவிலின் வாசலில், உராக்காமி கிராமத்திலிருந்து வந்த பதினைந்து பேர் வரை நின்றார்கள். பிரெஞ்சுக் குருவான பெத்திழான் உள்ளே ஜெபித்துக்கொண்டிருக்க, ஒரு பெண் அருகில் போய், தங்கள் இருதயமும் அவர் இருதயமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மரியாளின் சொரூபம் எங்கே என்று கேட்டாள். அதன்பின் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. மூவாயிரத்துக்கு மேற்பட்ட உராக்காமி மக்கள் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்ட பிறகே எஞ்சியோர் திரும்பினார்கள். திரும்பி வந்து கோவில் கட்டினபோது, கிராமத் தலைவனுடைய பழைய வீட்டு மனையையே வாங்கினார்கள். ஆண்டுதோறும் அவர்களை வரிசையாக நிறுத்திப் பலகையை மிதிக்கச் சொன்னது அந்த மனையில்தான்.

இந்த மக்களை மறுதலித்தவர்கள் என்பதா, நிலைத்தவர்கள் என்பதா? நொவாத்தியான் ஒரு பதில் சொல்லுவார். நான் செராப்பியோனின் பேரன் பக்கம் நிற்கிறேன். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் விழுந்தவர். சேர்த்துப் பார்த்தால் அந்தச் சபை விழவில்லை.

சபையே துணை நில்லாதபோது ஒருவன் என்ன ஆவான் என்பதற்கு ஆஸ்திரியா தேசத்துக் குடியானவரான பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் சாட்சி. இட்லரின் யுத்தம் அநியாயமானது, அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று அவர் கண்டார். அவருடைய மேற்றிராணியார் குடும்பத்தை நினைக்கச் சொன்னார். ஊரார் பைத்தியக்காரன் என்றார்கள். அக்கம்பக்கத்து ஆலயங்களிலிருந்து மற்ற ஆண்கள் எல்லோரும் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவி பிரான்சிஸ்கா ஒருத்தி மாத்திரம், முதலில் தடுத்துப் பார்த்து, பிறகு எல்லோரும் எதிர்க்கும்போது நானும் எதிர்த்தால் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றாள். 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி அவர் தலை வெட்டப்பட்டது. யுத்த விதவைகளுக்குரிய உதவித்தொகை அவளுக்கு 1950 வரை கிடைக்கவில்லை; மூன்று பெண்மக்களையும் பண்ணையையும் வைத்துக்கொண்டு, ஊராரின் ஏச்சுக்கு நடுவே அவள் வாழ்ந்தாள். 2007இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது, தொண்ணூற்றுநான்கு வயதினளாக அவள் உடனிருந்தாள். அவளுடைய நிலைத்திருத்தலுக்குத் தனிப் பெயர் ஒன்றையும் நம் நாட்காட்டிகள் வைத்திருக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்து, திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் வகித்த நீலகண்டர், 1745ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனதும், 1749இல் சிறைப்பட்டு, எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக இழுக்கப்பட்டதும், 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டதும் தென்னாட்டார் யாவரும் அறிந்தவை. சாதி வேற்றுமை பாராட்டாமல் தாழ்த்தப்பட்டவர்களோடு அவர் பழகினதும் உண்டதும் அவர்மேல் மூண்ட பகைக்கு எண்ணெய் வார்த்தன என்பது வழிவழி வந்த செய்தி. அதாவது, பேதுரு எழுந்துபோன பந்தியிலே இவர் உட்கார்ந்திருந்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது.

அவர் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் சிந்திய இரத்தம் உலர்ந்து நூற்றிருபது ஆண்டுகள் சென்ற பின், 1872இல் ஒரு பெரிய கோவில் எழுந்தது. ஒரே பீடம், அதை நோக்கி வந்து கூடும் இரண்டு மண்டபங்கள், நடுவே மறைப்பு. வெள்ளாளர் ஒரு புறமும் நாடார் ஒரு புறமும் முழந்தாளிட, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஒரே நற்கருணையை வணங்கும்படி அமைத்த கட்டடம் அது. ஊரார் அதைக் கால்சட்டைக் கோவில் என்றார்கள். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், இடித்தது செல்லும் என்று ஆயிற்று. சீர்திருத்த மார்க்கத்தார் இதைப் படித்துத் தலையை ஆட்டிக்கொள்ள வேண்டாம். கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னையிலும் தஞ்சையிலும் பலர் ஆராதனையை விட்டு வெளியேறினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்று வாதாடினார். அவருடைய பக்தியில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆதலினாலேதான் சொல்லுகிறேன், பந்தியின் அச்சம் பக்திமான்களையும் விடுவதில்லை. புறமதத்தார் விலக்கி வைப்பார்கள் என்று அஞ்சி நின்ற விசுவாசி ஒரு பக்கம். விசுவாசிகளே விலக்கி வைத்த விசுவாசி மறுபக்கம். இரண்டாமவனுக்கு நிலைத்திருக்கும்படி யார் புத்தி சொல்லுவது?

அவனுடைய கதை இன்னும் முடியவில்லை. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சார்ந்த எவனும் பட்டியல் சாதியினனாகக் கருதப்பட மாட்டான் என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய அவர்கள் பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களைச் சேராது. சேரிக்குத் திரும்பும்போது அவன் பழைய சாதிக்காரனே. தாலுகா அலுவலகத்தில் மாத்திரம் அல்லன். இதனால் நம் கிராமச் சபைகளில் என்ன நடக்கிறது என்பதை அறியாத ஆயர் இல்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறொரு பெயர். ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் முக்காடிட்டு நின்று பாடுகிற தாய், திங்கட்கிழமை மகனுடைய கல்லூரி விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்துக்கு நேரே வேறு சொல்லை எழுதுகிறாள். எழுதும்போது அவள் கை சற்றுத் தயங்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்டிருக்கிறேன். புருவத் தழும்பைச் சொல்லி விண்ணப்பித்த கிழவர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார். அவளைக் கண்டித்துப் பேசுகிற வசதியுள்ள விசுவாசிகளை நான் அறிவேன். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் அவள் வீட்டாருக்கு நெடுநாள் இடமிருந்ததில்லை என்பதையும் அறிவேன்.

சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஒரு தொழிலாளி இருந்தார். அவரைப் போல் சாலையோரத்தில் தொழில் செய்த ஆதிதிராவிடர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அக்கம்பக்கத்தில் அதே தொழில் செய்தவர்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கிறிஸ்தவன் என்றே சொல்லிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே இழிவும் அதே தாழ்வும் தொடருகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி, 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது.